ஆறில்லாத ஊருக்குப் போன எச்சரிக்கை

அத்தியாயம் ஐந்து

ரேடியோவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று அவனுக்கே நினைவில்லை. வாயை மூடத் தெரியாத மனிதனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, துப்பறியும் டீச்சரிடம் உதவியாளனாக ஒன்பது வருடம் செருப்புத் தேய்ந்த பிறகும் அந்தப் பெயர் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது ஊரார் போடும் தப்புக் கணக்குகளைத் தேடிப்பிடிக்கிறார்.

காலையிலிருந்து இருவரும் ஆற்றங்கரைத் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்கச் சேறு. சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளம் வந்து போன கோடு இன்னும் காயவில்லை. ரேடியோவின் நோட்டில் இரண்டே பத்திகள்: வந்தது, வரவில்லை.

பதினேழு நாளுக்கு முன்னால் மேலே அணையில் மதகுகளைத் திறந்தார்கள். திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கரையோரத்து நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் போனில் எச்சரிக்கை போக வேண்டும். பொத்தானை அழுத்துவது மதகுக்காரரின் வேலை. அழுத்தினேன் என்று அவர் தலையில் அடித்துச் சொல்கிறார். அலுவலக மெஷினும் நானூற்றுப் பன்னிரண்டும் போய்விட்டன என்கிறது. ஆனால் அன்று படகை இக்கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த படகுக்காரருக்கு ஒரு செய்தியும் வரவில்லை. மூன்றாம் நாள் உடல்தான் கிடைத்தது. பிளாஸ்டிக் உறைக்குள் கழுத்தில் தொங்கிய போனைத் துடைத்துச் சார்ஜ் போட்டதும் மகளின் பதினான்கு மிஸ்டு கால்கள் வரிசையாக வந்து விழுந்தன. எச்சரிக்கை மட்டும் அதில் இல்லை.

அந்த மகள்தான் டீச்சரைத் தேடி வந்தவள். மதகுக்காரர் தூங்கிவிட்டு, பிறகு மெஷினில் பொய்க் கணக்கு ஏற்றிவிட்டார் என்பது அவள் கட்சி. புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். விசாரணை நாளை மறுநாள். நிரூபணமானால் அவருக்கு வேலையும் போய்விடும், ஜெயிலும் நிச்சயம்.

"டீச்சர், எனக்கு ஒண்ணு தோணுது" என்றான் ரேடியோ, பதினெட்டாவது வீட்டு வாசலில் செருப்புச் சேற்றைத் தேய்த்தபடி. "இந்த எச்சரிக்கைக்குப் புது போனைக் கண்டா ஆகாது போல. தையல்காரர் போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வச்சிருக்காரு, அவருக்கு வந்திருக்கு. சைக்கிள் கடைக்காரர் போன்ல பாதி எழுத்து அழிஞ்சு போச்சு, அவருக்கும் வந்திருக்கு. பால்காரம்மா கையில பளபளன்னு இருக்கு, வரல. புதுசா கல்யாணம் ஆனவனுக்கும் வரல. அவனுக்கு வேற கவலைன்னு வைங்க."

டீச்சர் நின்றார். "இன்னொரு தடவை சொல்லு."

"கல்யாணம் ஆனவனையா?"

"போனை."

அவர் திரும்பி விடுவிடுவென்று பால்காரம்மா வீட்டுக்கே போனார். பிடித்தால் உடும்புப் பிடி என்பது ரேடியோவுக்குத் தெரியும், பின்னாலேயே ஓடினான்.

"ஏம்மா, போனை மாத்தினப்போ நம்பரையும் மாத்தினீங்களா?"

"ஆமா டீச்சர். மருமக புதுசு வாங்கிக் குடுத்தா, கூடவே வேற நம்பரும் வந்துச்சு. ஆபீசுல போய் எழுதிக் குடுத்துட்டேனே! கிளார்க் என் கண்ணு முன்னாடிதான் எழுதிக்கிட்டாரு."

தெருக்கோடியில் ஓய்வுபெற்ற தபால்காரர் இருந்தார். அவர் கையில் இருந்தது போன மாதம் வாங்கிய போன். ஆனால் அவருக்கு எச்சரிக்கை வந்திருந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரே நம்பர் என்றார். ரேடியோவின் புதுப்போன் ஜோசியம் அதோடு படுத்துவிட்டது. ஆனால் டீச்சரின் முகம் தெளிந்தது.

"போன்ல ஒண்ணும் இல்ல ரேடியோ, நம்பர்லதான் இருக்கு. நம்பர் மாத்தாதவங்களுக்கு வந்திருக்கு, மாத்தினவங்களுக்கு வரல. படகுக்காரர் மாத்தினாரா? அவர் பொண்ணுகிட்ட கேளு. பழைய நம்பரையும் வாங்கு."

மகள் போனில் உடனே சொன்னாள். அப்பா ஒரு வருடத்துக்கு முன் மாற்றினார், ஆபீசிலும் பதிந்தார். பழைய நம்பர் அவளுக்கு மனப்பாடம். எதற்கு என்று கேட்டாள். மதியம் அணை ஆபீசுக்கு வா, அங்கே பேசிக்கொள்ளலாம் என்றார் டீச்சர்.

மூடிய டீக்கடை ஒன்றின் பெஞ்சில் உட்கார்ந்து ரேடியோ அந்தப் பழைய நம்பரைப் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினான். எடுக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"முடி வெட்டுற கடைங்க, சொல்லுங்க."

ரேடியோவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அண்ணே, முடி இருக்கட்டும். பதினேழு நாளைக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது எச்சரிக்கை மெசேஜ் வந்துச்சா?"

"அட! ஆமாங்க, வந்துச்சு!" குரலில் சிரிப்பு. "ஆத்துல நீர்மட்டம் உயருது, உடனே கரையேறுங்கன்னு. எங்க ஊர்ல ஆறே கிடையாதுங்க. குடிக்கிறதுக்கே லாரியிலதான் தண்ணி வருது."

"எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?" இது டீச்சர்.

"இருங்க, அழிக்காமதான் வச்சிருக்கேன். ரெண்டு நாப்பது. கடையில நாலஞ்சு பேர் இருந்தாங்க. படிச்சுக் காட்டினேன், ஒரே சிரிப்பு. நாற்காலி மேல ஏறி நின்னுக்கங்கடான்னு ஒருத்தர் சொன்னாரு."

ரேடியோ சிரிக்க வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. மறுமுனையிலும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"ஏங்க, அது நெசமாவே யாருக்கோ வந்ததுங்களா?"

ரேடியோ டீச்சரைப் பார்த்தான்.

"அவரு கரையேறிட்டாருங்களா?"

"ஏறிட்டாருங்க" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தான். சொன்னது பொய் என்று டீச்சருக்கும் தெரியும். அவர் கண்டிக்கவில்லை.

"ரெண்டு நாப்பது" என்றார். "மதகு திறந்தது மூணு நாப்பதுக்கு. அப்போ மதகுக்காரர் சரியான நேரத்துக்கு அழுத்தியிருக்காரு. தப்பு அவர் கையில இல்ல. அந்த நம்பர் எங்க மாறுச்சுன்னு பார்க்கணும்."

அணை அலுவலகத்தின் நீளமான நடையில் ஒரு மர பெஞ்சு கிடந்தது. டீச்சர் வரச் சொல்லியிருந்ததால் மதகுக்காரர் அதன் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயசுக்காரர் பதினேழு நாளில் எழுபதாகிவிட்டிருந்தார். வீட்டு ஜன்னலில் யாரோ கல்லெறிந்தார்கள் என்று ரேடியோ கேள்விப்பட்டிருந்தான். படகுக்காரர் மகள் உள்ளே வந்தபோது அவர் எழுந்து நின்றார். அவள் அங்கே பெஞ்சு மட்டும் கிடப்பது போல அவரைத் தாண்டிப் போனாள்.

கிளார்க் ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினார். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் போன் நம்பர்கள் ஒன்றன் பின் ஒன்றாக, நடுவே சாய்கோடு போட்டு.

"எதுக்கு சார் பழைய நம்பரையும் வச்சுக் காப்பாத்துறீங்க? முதுமக்கள் தாழியா?" என்றான் ரேடியோ.

"அரசாங்க ரெஜிஸ்டர் தம்பி. எதையும் அடிக்கவோ திருத்தவோ கூடாதுன்னு உத்தரவு. புதுசு வந்தா கடைசியில ஒரு சாய்கோடு போட்டுச் சேர்ப்போம். கம்ப்யூட்டர்லயும் அதே மாதிரிதான், ஒரே கட்டத்துல. கடைசியில இருக்கிறதுதான் நடப்பு நம்பர். அது இங்க எல்லாருக்கும் தெரியும்."

"இங்க எல்லாருக்கும்" என்றார் டீச்சர். "இதை வாங்கி எச்சரிக்கை அனுப்புற மெஷினுக்கு?"

கிளார்க் கன்னத்தைச் சொறிந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ரெஜிஸ்டர் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலாக வெளியே வரும். மெஷினுக்கு அந்த வடிவம் ஆகாது, வீட்டுக்கு ஒரே நம்பர்தான் வேண்டும். நடுவில் ஏதோ ஒரு தாள் மாற்றிக் கொடுக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் வெளியாட்களை வைத்துச் செய்தது. அது வேலை செய்கிறது, அதனால் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

"திறங்க" என்றார் டீச்சர். "பாரும்மா, இது உன் தொழில்தானே? எனக்கு இந்தப் பாஷை புரியாது. அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னேன்."

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஃபைல்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான் அவளுக்குத் தினசரிச் சோறு. திரையைப் பார்த்ததும் அவள் முதுகு நிமிர்ந்தது. பதினேழு நாளில் முதல் முறையாக அவளுக்குத் தெரிந்த ஒன்று எதிரே இருந்தது.

"இது ஸ்டைல்ஷீட், டீச்சர். பழைய ஃபைல்ல இருக்கிறதை எடுத்து, புது ஃபைல்ல எங்க எப்படி வைக்கணும்னு சொல்ற தாள்."

"வீடு மாறும்போது வாசல்ல நின்னு, எந்த மூட்டை எந்த ரூமுக்குன்னு அதட்டுற எங்க அக்கா மாதிரி" என்றான் ரேடியோ.

"அதேதான் அண்ணா." அவள் விரல் திரையில் ஓடி ஓர் இடத்தில் நின்றது. "இந்த வரி. சாய்கோட்டுக்கு முன்னாடி இருக்கிறதை மட்டும் எடுன்னு சொல்லுது. முதல் துண்டை வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை விட்டுடும்."

"மிச்சம் எங்க போகும்?" என்றார் டீச்சர்.

"எங்கயும் போகாது. யாரும் எடுக்கச் சொல்லலைன்னா புது ஃபைல்ல அது இருக்கவே இருக்காது. எரர் கூட வராது." அவள் குரல் உயர்ந்தது. "ஒரே நம்பர் இருந்தா அப்படியே விட்டிருக்கான், அந்த மட்டுக்கும் புத்தி இருக்கு. ஆனா நிறைய இருந்தா? இது பழைய வர்ஷன். மொத்தத்தையும் துண்டு போட இதுல ரெடியா ஒரு வசதி கிடையாது. சின்னதா ஒரு டெம்ப்ளேட், அதாவது ஒரு குட்டிக் கட்டளை, எழுதணும். அது தன்னைத் தானே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டு, சாய்கோடு தீர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகும். பத்து வரி. பத்தே வரி எழுத இவனுக்குச் சோம்பல். ஒரு வெட்டோட எந்திரிச்சுப் போயிட்டான்."

"அப்போ உங்கப்பா நம்பர்..."

"ரெண்டாவதா இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாசா மாசம் அதை வெட்டிக் கீழ போட்டிருக்கு. அந்தப் பாவி யாருன்னு எனக்குத் தெரியணும் டீச்சர். இவ்வளவு பெரிய விஷயத்துல யாராவது இப்படி அலட்சியமா இருப்பாங்களா?"

"பேர் போட்டிருக்குமா?"

"பேர் இருக்காது. தலைப்புல குறிப்பு எழுதுவாங்க." அவள் மேலே மேலே நகர்த்திப் போனாள். ஒரு குறிப்பில் விரல் நின்றது. சத்தமாகப் படித்தாள். "மாதிரி ஃபைலில் சில கட்டங்களில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. எதை எடுப்பது என்று இரண்டு முறை கேட்டேன்."

அப்புறம் நிறுத்தினாள். கிளார்க் திரையைப் பார்த்தார். டீச்சரும் திரையைத்தான் பார்த்தார். ரேடியோ மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. மீதியைத் திரையைப் பார்க்காமலே சொன்னாள்.

"பதில் இல்லை. முதலில் இருப்பதே முக்கியமானது என்று கொள்கிறேன்."

கிளார்க் திரையில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, "அப்படியே இருக்கே" என்றார் ஒன்றும் புரியாமல்.

"நான் எழுதினது" என்றாள் அவள்.

மாதிரி ஃபைலில் எல்லா நம்பரும் வெறும் சைபர்கள் என்றாள். கட்டத்துக்குப் பெயர் 'தொடர்பு'. எந்த ஊர், எந்த ஆறு, எதற்கு, எதுவும் சொல்லவில்லை. அந்த வாரம் அதே மாதிரி பதினோரு வேலை. இரண்டு தடவை கேட்டாள், மூன்றாவது தடவை கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

"அந்த போனை நான்தான் வாங்கிக் குடுத்தேன். வேண்டாம் பாப்பா, பழசே நல்லாருக்குன்னாரு. நம்பரைப் போய்ப் பதிஞ்சுட்டு வாங்கன்னு சண்டை போட்டு அனுப்பினேன்."

"வந்தாரும்மா" என்றார் கிளார்க் மெதுவாக. "நல்ல வெயிலு. உக்காருங்கன்னேன், படகு நிக்குதுன்னு நின்னுக்கிட்டே சொன்னாரு."

டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். "தெரிஞ்சிருந்தா உன்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்மா. சத்தியமா எனக்குத் தெரியாது."

அவள் தலையசைத்தாள். அழுவாள் என்று ரேடியோ எதிர்பார்த்தான். அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கிளார்க்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "டீச்சர், மேல நல்ல மழை. இன்னைக்கு நாலு மணிக்கு மறுபடி மதகைத் திறக்கிறாங்க. மூணு மணிக்கு எச்சரிக்கை போகணும்."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

"எத்தனை வீட்டுல ஒண்ணுக்கு மேல நம்பர் இருக்கு?" என்று கேட்டாள் மகள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"நூத்தி அறுபத்து மூணு."

அவள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தாள். முதல் தடவை எழுதியது ஓடவில்லை, அவசரத்தில் ஏதோ ஒன்றை விட்டுவிட்டாள். கண்களை மூடித் திறந்து மறுபடி ஆரம்பித்தாள். சாய்கோடு இருக்கிறதா, இருந்தால் அதற்குப் பின்னால் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பவும் கூப்பிடு. இன்னும் இருக்கிறதா, மறுபடி கூப்பிடு. இல்லையென்றால் கையில் மிஞ்சியிருப்பதைக் கொடு. பத்து வரி என்றாளே, ரேடியோ எண்ணினான், ஒன்பதுதான் வந்தது. அதை அவன் வெளியே சொல்லவில்லை. தன் வாய்க்கு இவ்வளவு அடக்கம் உண்டு என்பது அவனுக்கே புதிது.

இரண்டு நாற்பதுக்குப் புது ஃபைல் வந்தது. பால்காரம்மா, புதுக் கல்யாணக்காரன், எல்லாரும் நடப்பு நம்பரோடு இருந்தார்கள். முடிதிருத்துகிறவர் பட்டியலில் இல்லை. கிளார்க் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரெஜிஸ்டரோடு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க உட்கார்ந்தார்.

அவள் எழுந்து நடைக்கு வந்தாள். டீச்சர் கண்ணால் காட்ட, ரேடியோவும் தள்ளி நின்றான்.

மதகுக்காரர் மறுபடி எழுந்து நின்றார். அவள் நேராக அவரிடம் போனாள்.

"உங்க மேல தப்பு இல்லைங்க. எங்கப்பா நம்பரை வெட்டினது நான் எழுதின தாள். விசாரணையில நானே சொல்றேன். புகாரை இன்னைக்கே வாபஸ் வாங்கிடுறேன்."

அவருக்குத் தாள் புரியவில்லை, வெட்டு புரியவில்லை. "அப்போ நான் அழுத்தினேனாம்மா?" என்று கேட்டார்.

"என்னங்க?"

"எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. அழுத்தினதா நினைச்சுக்கிட்டு இருந்துட்டேனோன்னு. ராவெல்லாம் கை விரலைப் பாத்துக்கிட்டே இருப்பேன். உங்கப்பாவும் நானும் ஒண்ணா நீச்சல் கத்துக்கிட்டவங்க. அவருக்குப் போயா நான் அழுத்தாம விடுவேன்?"

"அழுத்தினீங்க மாமா" என்றாள் அவள். "சரியா ரெண்டு நாப்பதுக்கு அழுத்தினீங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள், அதுவும் சத்தமில்லாமல்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளார்க் கையில் பட்டியலோடு கதவருகே வந்து நின்றார். எதையோ சொல்ல வந்து மென்று முழுங்கினார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. ஒண்ணே ஒண்ணு... அப்பா நம்பரும் வந்திருக்கு. அவர்தான் இப்போ... இந்த ஃபைல்ல இருந்து மட்டும் அதை எடுத்துடட்டுமா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இருக்கட்டும் சார். இன்னைக்கு ஒரு தடவை போகட்டும்."

கிளார்க் டீச்சரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், பட்டியலில் எதையும் தொடாமல் மெஷினில் ஏற்றி, மதகு அறையில் மதகுக்காரருக்குப் பதிலாக இருந்தவருக்குப் போன் போட்டார். சரியாக மூன்று மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் எச்சரிக்கை போனது.